டுப்ரோவ்னிக் செல்வோருக்கு: விசா ஒட்டியிலிருந்து மதில் நடை வரை

2025 செப்டம்பரில் நானும் அறுபத்தெட்டு வயதான என் அம்மாவும் குரோவாசியாவின் தென்கோடியில் உள்ள டுப்ரோவ்னிக் நகரத்தில் ஐந்து இரவுகள் தங்கினோம். கடலை ஒட்டி எழுந்த மதிலுக்குள் ஒரு முழு நகரம் இன்றும் மக்கள் வாழும் ஊராகவே இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ஆசை நிறைவேறியது என்றாலும், விசாவில் ஒரே ஒரு கட்டத்தைச் சரியாகக் கவனிக்காததால் ஒரு நாள் பயணத்தையும் அதற்குக் கட்டிய பணத்தையும் இழந்தோம். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்ததில் செய்த பிழையால் அம்மாவின் முழங்கால் இரண்டு நாள் வீங்கியிருந்தது. இந்த இரண்டும் தவிர்க்கக்கூடியவை. இந்தியக் கடவுச்சீட்டுடன் முதல் முறை செல்பவர்களை மனத்தில் வைத்து, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். விலைகள் யாவும் 2025ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்துக்கு உரியவை.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி ஆகியவையே ஏற்ற காலம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் முப்பது டிகிரியைத் தாண்டும். மதிலின் மேல் நிழல் என்பதே கிடையாது. அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். நவம்பருக்குப் பிறகு நகரம் அமைதியாகவும் மலிவாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பல உணவகங்களும் தீவுப் படகுகளும் நின்றுவிடும், மதிலையும் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். நகரத்துக்கு மட்டும் முழுதாக மூன்று நாள் தேவை. தீவோ பக்கத்து ஊரோ பார்க்க விரும்பினால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒற்றை நுழைவு விசாவோடு போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ஒரே விசாவில், உள்ளெல்லைகளில் சோதனையின்றிச் சென்று வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பே ஷெங்கன் வட்டம். குரோவாசியா 2023 ஜனவரி 1 முதல் அதில் இருக்கிறது. அதே நாளில் யூரோவையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆனால் டுப்ரோவ்னிக் இருக்கும் இடம் ஒரு குறுகிய கடலோரப் பட்டை. மலையைத் தாண்டினால் போஸ்னியா ஹெர்சகோவினா, தெற்கே சற்றுத் தூரம் போனால் மாண்டினீக்ரோ. இந்த இரண்டு நாடுகளும் ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே இருப்பவை. நகரத்தின் ஒவ்வொரு பயண முகவர் கடையிலும் தொங்கும் போஸ்னியாவின் மொஸ்தார் பாலத்தின் படமும் மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவின் படமும் உண்மையில் எல்லை கடக்கும் பயணங்களுக்கான விளம்பரங்கள்.

ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர் எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரம் வெளியே நின்றாலும் அந்த விசா அத்துடன் முடிந்துவிடும். அறைக்கும் பெட்டிக்கும் திரும்பி வர வழியில்லை. எங்கள் விண்ணப்பப் படிவத்தை ஒரு முகவர் நிரப்பினார். 'எத்தனை முறை நுழைய விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு அவர் 'ஒரு முறை' என்று குறித்ததை நான் கவனிக்கவில்லை. மொஸ்தார் செல்லும் நாளன்று காலை ஏழு மணிக்குப் பேருந்துப் படியில் நின்ற வழிகாட்டிப் பெண் எங்கள் கடவுச்சீட்டைத் திறந்தார். விசா ஒட்டியில் நுழைவு எண்ணிக்கை அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, '01' என்பதைக் காட்டினார். பல நுழைவு என்றால் அந்த இடத்தில் 'MULT' என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எங்களை ஏற்றிச் சென்றிருந்தால் திரும்பும்போது எல்லையிலேயே விட்டுவிட்டு வர நேர்ந்திருக்கும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அன்று காலை ரத்து செய்ததால் பணம் திரும்பவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. படிவத்தில் பல நுழைவு என்று நீங்களே குறியுங்கள். வெறுமனே குறித்தால் போதாது. பயணத் திட்டத்தில் மொஸ்தாருக்கோ கோட்டோருக்கோ போகும் நாளைத் தேதியுடன் எழுதி, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய ஒரு முன்பதிவையும் இணைத்து, எதற்காக இரண்டாம் நுழைவு தேவை என்பதை விளக்கக் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லுங்கள். செல்லுபடியாகும் பல நுழைவு ஷெங்கன் விசா கையில் இருந்தால் போஸ்னியாவுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் குறுகிய பயணத்துக்குத் தனி விசா தேவைப்படாது; எனினும் புறப்படும் வாரத்தில் அந்த நாடுகளின் வெளியுறவுத் துறைப் பக்கத்தை ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறைப்படி பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு பல நுழைவு விசா வழங்கலாம் என்ற விதி 2024 ஏப்ரலில் வந்தது. அந்த நிலையில் இருப்பவர்கள் பழைய விசாக்களின் நகல்களைக் கட்டாயம் இணைக்க வேண்டும்.

கடவுச்சீட்டு கைக்குத் திரும்பியதும் மூன்று இடங்களைப் பாருங்கள்: தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும், தங்கக்கூடிய நாள்களின் எண்ணிக்கை, நுழைவுகளின் எண்ணிக்கை. பிழை இருந்தால் விண்ணப்ப மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்பது எளிது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. குரோவாசியாவின் மற்றொரு கடலோர நகரமான ஸ்பிலிட்டிலிருந்து தரைவழியாக டுப்ரோவ்னிக் வருபவர்கள் நெயூம் என்னும் ஊரைக் கவனிக்க வேண்டும். போஸ்னியாவுக்குக் கடலைத் தொட ஒரு சிறு துண்டு நிலம் இருக்கிறது. பழைய நெடுஞ்சாலை அதன் வழியாகத்தான் போகிறது. 2022 ஜூலையில் திறந்த பெலேஷாட்ஸ் பாலம் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்திருக்கிறது. ஆனாலும் எல்லாப் பேருந்துகளும் பாலத்தின் வழியாகத்தான் போகும் என்று எண்ண வேண்டாம். ஒற்றை நுழைவு விசா உள்ளவர்கள் சீட்டு வாங்கும்போதே 'பாலம் வழியாகவா, நெயூம் வழியாகவா' என்று கேட்டு வாங்குங்கள்.

3. விண்ணப்பக் கோப்பு

எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளாவது மீதமிருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு உள்ள வழக்கமான காலம் பதினைந்து நாள், தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாள் வரை நீட்டிக்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், செப்டம்பர் பயணத்துக்கு நாங்கள் ஜூன் இறுதியில் விண்ணப்பித்தோம். அது சரியான முடிவாகவே இருந்தது.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினோரு வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். மையத்தில் குறுஞ்செய்தி, கூரியர், தனி அறை என்று பல கூடுதல் சேவைகளைச் சொல்வார்கள். அவை எதுவும் கட்டாயமில்லை, விசா முடிவோடு அவற்றுக்குத் தொடர்பும் இல்லை.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம், போக வர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடச் சான்று, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, கடைசி மாதங்களின் வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவை கோப்பின் உடல். ஓய்வு பெற்ற பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் ஓய்வூதியச் சான்றையும், செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதத்தையும், உறவை நிறுவும் ஆவணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் ஓய்வூதியப் புத்தகத்தில் வேறு மாதிரியும் பெயர் இருந்ததால் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுக்க வேண்டியதாயிற்று. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கத்தால் பலருக்கும் இது நேரும், முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் 'ஷெங்கன்' என்று மட்டும் எழுதியிருந்தால் மொஸ்தாரில் கால் சறுக்கினால் அது உதவாது. எல்லை தாண்டும் எண்ணம் உள்ளவர்கள் ஐரோப்பா முழுவதையும் உள்ளடக்கிய காப்பீட்டை வாங்குங்கள். விலை வேறுபாடு சிறிதுதான்.

4. விமானமும் எல்லையும்

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் வழியாக வந்தால் நுழைவுச் சோதனை டுப்ரோவ்னிக்கிலேயே நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட், வியன்னா போன்ற ஷெங்கன் விமான நிலையத்தில் மாறினால் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அப்படி வருபவர்கள் இடைவெளியை மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் முகப்படமும் கைரேகையும் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது, முதல் முறை பதிபவர்களுக்கு அது கூடுதல் நேரம் பிடிக்கும். 'இட்டியாஸ்' என்ற பெயரில் முன் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லும் இணையதளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டவர்களுக்கான ஏற்பாடு.

விமான நிலையம் சிலிப்பி என்னும் ஊரில், நகரத்துக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. விமானங்கள் வரும் நேரத்தை ஒட்டி ஒரு பேருந்து ஓடுகிறது; ஒருவருக்கு 10 யூரோ. நகருக்குள் வரும்போது வலப்பக்க இருக்கைகள் மலையைத்தான் காட்டும், கடலும் மதிலும் தெரிய இடப்பக்கம் உட்காருங்கள். டுப்ரோவ்னிக்கில் ரயில் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ரயில் அட்டை வாங்கி வந்து இங்கு ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள்.

5. தங்குமிடம்: தூரத்தைக் கேட்காமல் படிகளைக் கேளுங்கள்

மதிலின் மேற்கு வாசலுக்குப் பிலே என்று பெயர். விளம்பரத்தில் 'பிலே வாசலிலிருந்து ஐந்து நிமிடம்' என்று இருந்த வீட்டை நாங்கள் எடுத்தோம். வரைபடத்தில் அது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் ஏறத்தாழ இருநூறு படிகள். நகரமே மலைச்சரிவில் அமைந்திருப்பதால் வரைபடம் காட்டும் மீட்டர் கணக்கு இங்கு எதையும் சொல்வதில்லை. மதிலுக்குள்ளேயும் இதே கதைதான்: முதன்மைத் தெருவான ஸ்த்ராதூன் சமதளம், அதிலிருந்து மலைப்பக்கம் பிரியும் ஒவ்வொரு சந்தும் செங்குத்துப் படிக்கட்டு. வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பி, 'பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசற்கதவு வரை எத்தனை படிகள், கட்டடத்துக்குள் எத்தனை படிகள்' என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள். அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். கேட்காதவர்களுக்குத்தான் தெரியாமல் போகிறது.

முதியவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால் லப்பாட் பகுதியைப் பரிந்துரைப்பேன். அங்கே சமதளம் உண்டு, கடற்கரை உண்டு, வாடகையும் குறைவு, ஆறாம் எண் பேருந்து நேராகப் பிலே வாசலில் இறக்கிவிடும். பேருந்து நிலையமும் படகுத்துறையும் உள்ள குரூஷ் பகுதியும் வசதியானதே. மதிலுக்குள் தங்குவது ஓர் அனுபவம் என்பதை மறுக்கவில்லை, ஆனால் வண்டி எதுவும் உள்ளே வராது, பெட்டியை நீங்களே தூக்க வேண்டும். சக்கரப் பெட்டியைக் கல்தரையில் இழுத்துச் சத்தமெழுப்ப வேண்டாம் என்று நகராட்சியும் கேட்டுக்கொள்கிறது. தோளில் மாட்டும் பைதான் இந்த ஊருக்கு ஏற்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் உரிமையாளர் கடவுச்சீட்டு விவரங்களைக் கேட்பார். வெளிநாட்டு விருந்தினரை அரசின் பதிவு முறையில் ஏற்றுவது அவருடைய கடமை. கேட்காமல் விட்டால் நீங்களே நினைவூட்டுங்கள். நண்பர் வீட்டில் தங்குபவர்களுக்கும் பதிவு தேவை என்பதைப் பலர் அறிவதில்லை.

6. பணமும் நகர அட்டையும்

பணம் எடுக்கும் எந்திரமும் கடையின் அட்டைக் கருவியும் 'ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா' என்று கேட்டால் எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் பொருந்தும்; அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். சந்தைக்கும் சிறு கடைகளுக்கும் கொஞ்சம் சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய குனா நாணயம் இப்போது எங்கும் செல்லாது.

மதிலில் ஏறுவதற்கு மட்டும் ஒருவருக்கு 40 யூரோ. டுப்ரோவ்னிக் பாஸ் என்னும் நகர அட்டை ஒரு நாளுக்கு அதே 40 யூரோ, மூன்று நாளுக்கு 50, ஏழு நாளுக்கு 60. அந்த அட்டையில் மதிலோடு ஆளுநர் மாளிகை, கடல்சார் அருங்காட்சியகம் முதலான பல இடங்களும் நகரப் பேருந்தும் அடங்கும். அப்படியிருக்க, மதில் வாசலில் வரிசையில் நின்று மதிலுக்கான சீட்டை மட்டும் வாங்குபவர்களை நாங்கள் கண்ணெதிரே பார்த்தோம். மூன்று நாள் அட்டைதான் பெரும்பாலோருக்குப் பொருத்தம். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும் கம்பிவண்டி இதில் சேராது. அட்டை இல்லாதவர்கள் பேருந்துச் சீட்டைக் கடையில் வாங்குங்கள், ஓட்டுநரிடம் வாங்கினால் விலை கூடும்; ஏறியவுடன் சீட்டைக் கருவியில் பதிய மறக்காதீர்கள்.

7. மதில் நடை

முழுச் சுற்று 1,940 மீட்டர். ஏறும் இடங்கள் மூன்று: மேற்கே பிலே, கிழக்கே ப்ளோச்சே, துறைமுகப் பக்கம் புனித யோவான் கோட்டை. நடை ஒரே திசையில்தான், கடிகார முள்ளுக்கு எதிராக. திரும்பி நடக்க விடமாட்டார்கள், இறங்கிவிட்டால் அதே சீட்டில் மறுபடி ஏறவும் முடியாது. இந்த இரண்டு விதிகளையும் தெரிந்துகொண்டு ஏறும் வாசலைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நடக்கத் தெம்புள்ளவர்கள் ப்ளோச்சேயில் ஏறுங்கள். மலைப்பக்க ஏற்றமும் மிக உயரமான மின்ச்செத்தா கோபுரமும் காலைக் குளிர்ச்சியிலேயே முடிந்துவிடும், பிறகு கடற்பக்கம் இறக்கமாக நடந்து வரலாம். கூட்டம் பிலேயில்தான் குவியும் என்பதால் இங்கு வரிசையும் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: பிலேயில் ஏறி, தொடக்கத்தில் உள்ள நீண்ட படிக்கட்டை மட்டும் மெல்லக் கடந்துவிட்டால், பிறகு கடற்பக்க மதில் பெரும்பாலும் நடக்க எளிதானது. புனித யோவான் கோட்டையிலோ ப்ளோச்சேயிலோ இறங்கிவிடலாம், பெரிய ஏற்றத்துக்கு வேலையே இல்லை. அம்மா அப்படித்தான் நடந்தார். ஒரு பக்கம் ஏட்ரியாட்டிக் கடல், மறு பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் செங்கூரைகள். ஒரு வீட்டின் பின்முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் ஒரு மூதாட்டி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கூரைகளைக் கூர்ந்து பார்த்தால் சில ஓடுகள் வெளிறிய மஞ்சளாகவும் பல ஓடுகள் பளிச்சென்ற செம்மையாகவும் இருப்பது தெரியும். யூகோஸ்லாவியாவிலிருந்து குரோவாசியா பிரிந்தபோது மூண்ட போரில், 1991, 1992 ஆண்டுகளின் குண்டுவீச்சில் உடைந்த கூரைகளை மாற்றியதன் அடையாளம் அது. பிலே வாசலுக்கு அருகே நகரத்துக்குள் இருக்கும் வரைபடப் பலகையில் எந்தக் கட்டடம் எப்படிச் சேதமடைந்தது என்று குறித்திருக்கிறார்கள். மதில் ஏறுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

கோடையில் காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். அந்த எட்டு மணியே சரியான நேரம். சொகுசுக் கப்பல்களின் பயணிகள் ஒன்பதரைக்கு மேல் வந்து சேர்கிறார்கள். எந்த நாளில் எத்தனை கப்பல் என்பதைத் துறைமுகத்தின் இணையப் பட்டியலில் முன்பே பார்க்கலாம். கப்பல் குறைந்த நாளை மதிலுக்கு ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் அவசியம், மேலே விற்கும் தண்ணீருக்கு விலை அதிகம். நின்று பார்த்து நடக்க இரண்டு மணி நேரம் ஆகும். பிலேவுக்கு வெளியே பாறை மேல் தனித்து நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டைக்கும் இதே சீட்டு செல்லும் என்பதால், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

8. மதிலுக்குள்ளே

ஸ்த்ராதூனின் சுண்ணாம்புக்கல் தரை பல நூற்றாண்டு நடையில் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டது. மழை பெய்தால் வழுக்கும், ரப்பர் அடி கொண்ட காலணி அணியுங்கள். அந்தத் தெருவின் கடை முகப்புகளை நின்று கவனியுங்கள். வாசலும் பக்கத்து ஜன்னலும் ஒரே வளைவுக்குள் சேர்ந்து, ஜன்னலின் அடிக்கல் இடுப்பளவு மேடையாக நிற்கும். கடைக்காரர் உள்ளேயும் வாங்குபவர் வெளியேயும் நின்று வியாபாரம் பேசுவதற்காகச் செய்த அமைப்பு அது. பிலே வாசலை ஒட்டிய பெரிய ஒனோஃப்ரியோ நீரூற்றில் வரும் தண்ணீர் குடிக்கத் தக்கது, புட்டியை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

அதற்கு எதிரே உள்ள பிரான்சிஸ்கன் மடத்தில் 1317இல் தொடங்கிய மருந்தகம் இருக்கிறது. நகர நெரிசலிலிருந்து அந்த மடத்தின் முற்றத்துக்குள் போனால் இரட்டைத் தூண் வரிசைக்கு நடுவே மரநிழலும் அமைதியும் கிடைக்கும். நடுப்பகல் வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் மதிலுக்குள் இல்லை. ஸ்பொன்சா மாளிகையின் தரைத்தளத்தில் அந்தப் போரில் இறந்த நகரத்தவர்களின் புகைப்படங்கள் வைத்த அறைக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் இளைஞர்களின் முகங்கள். அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நீச்சலுடையிலோ மேலாடை இல்லாமலோ மதிலுக்குள் நடந்தால் அபராதம் உண்டு. தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வழிபாடு நடக்கும் நேரத்தில் படம் எடுக்க உள்ளே போகாதீர்கள்.

9. மலையும் தீவும்

ஸ்ர்ஜ் மலை 412 மீட்டர் உயரம். கம்பிவண்டியில் போய்வர ஒருவருக்கு 30 யூரோவை ஒட்டி ஆகும், பலத்த காற்று வீசினால் வண்டி ஓடாது. அந்தி நேரத்துக்குப் பெரும் வரிசை இருக்கும் என்பதால், சூரிய மறைவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மேலே போய், உச்சியிலுள்ள கோட்டையில் நடக்கும் போர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

லோக்ரும் தீவுக்குப் பழைய துறைமுகத்திலிருந்து பதினைந்து நிமிடப் படகு. தீவுக்கான நுழைவும் படகும் ஒரே சீட்டில் அடங்கும். மயில்கள் திரியும் அந்தத் தீவில் இரவு தங்க அனுமதியில்லை. கடைசிப் படகு நேரத்தை இறங்கும்போதே படம் பிடித்துக்கொள்ளுங்கள். கரை முழுவதும் பாறை, நீருக்கடியில் முள்ளெலி போன்ற கடல் முள்ளிகள் இருக்கும். ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

10. சாப்பாடு

சைவம் உண்பவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் கேட்டு உண்ண வேண்டும். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் செய்யும் பிளித்வா எங்கும் கிடைக்கும், நம் நாக்குக்குப் பழகியதாகவே இருக்கும். காய்கறிச் சாறு என்று வருவது மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். 'பெஸ் மெசா' என்றால் இறைச்சி இல்லாமல், 'பெஸ் ரிபே' என்றால் மீன் இல்லாமல். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அசைவம் உண்பவர்கள் கணவாய் மையில் வேகவைத்த கருப்புச் சோற்றையும், கனல் மூடிய சட்டியில் மணிக்கணக்கில் வேகும் பெக்காவையும் தேடுவார்கள். பெக்காவை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

மதிலுக்குள் ஒரு வேளை உணவுக்கு இருவருக்கு 50 யூரோ எளிதில் தாண்டிவிடும். அடுப்புள்ள வீட்டை எடுத்து, காலையில் குந்துலிச் சதுக்கத்துச் சந்தையிலோ குரூஷ் சந்தையிலோ காய்கறி வாங்கி ஒரு வேளையாவது சமைத்தால் செலவு பாதியாகும். நண்பகலுக்குள் சந்தை கலைந்துவிடும். சர்க்கரைப் பாகில் உலர்த்திய ஆரஞ்சுத் தோலும் உலர் அத்தியும் ஊருக்கு வாங்கிவரத் தக்கவை.

ஞாயிற்றுக்கிழமையைக் கவனியுங்கள். 2023 ஜூலை முதல் கடைகள் ஆண்டுக்குப் பதினாறு ஞாயிறுகள் மட்டுமே திறக்கலாம் என்ற சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு வந்து இறங்கிய நாங்கள் மறுநாள் பால் வாங்கக்கூட அலைந்தோம்.

11. பண்பாட்டுக்கு நாள் பார்த்துப் போங்கள்

ஆண்டுதோறும் ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 25 வரை நடக்கும் கோடை விழாவில் மாளிகை முற்றங்களும் கோட்டைகளும் அரங்குகளாகிவிடும். 1950 முதல் நடந்துவரும் விழா என்பதால் நல்ல நிகழ்ச்சிகளின் சீட்டு மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். நகரக் காவலரான புனித விளாஹோவின் திருவிழா பிப்ரவரி 3. அதற்கு முந்தைய நாள் தேவாலயத்தின் முன் வெண்புறாக்களைப் பறக்கவிடுவார்கள்; விழா நாளில் சுற்று ஊர்களின் மக்கள் தத்தம் மரபுடையில் கொடிகளோடு நகருக்குள் வருவார்கள். கூட்டமும் வெயிலும் இல்லாமல் நகரத்தை நகரத்தவர்களோடு பார்க்க விரும்புபவர்களுக்கு இதுவே சிறந்த வாரம் என்று எங்கள் வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார்.

ஞாயிறு உங்களுக்கு வெறுமையாகக் கிடைத்தால் சிலிப்பிக்குப் போங்கள். ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை, காலைத் திருப்பலி முடிந்தபின் பதினோரு மணி வாக்கில் தேவாலயத்தின் முன்னே ஊர்க்காரர்கள் ஆடிப் பாடுவார்கள். கொனாவ்லே பகுதிப் பெண்கள் மார்புப் பட்டையில் பட்டு நூலால் போடும் பூவேலையை அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரு முதியவள் தன் ஊசியை அம்மாவின் கையில் கொடுத்து ஒரு தையல் போடச் சொன்னார். துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் அந்த ஊசி இறங்குகிறது.

12. எல்லை தாண்டாத ஒரு நாள்

ஒற்றை நுழைவு விசா ஏற்கெனவே கையில் இருந்தால் மனம் தளர வேண்டாம். ஸ்டோன் ஊரில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் மலைமதிலும், இன்றும் உப்பு விளையும் பழைய உப்பளமும் உண்டு. அது பெலேஷாட்ஸ் பாலத்துக்கு இப்பாலேயே இருப்பதால் எந்த எல்லையும் குறுக்கே வராது. ட்ஸவ்தாட் ஊருக்குப் பத்தாம் எண் பேருந்து போகிறது, பழைய துறைமுகத்திலிருந்து படகும் உண்டு. மணற்கரை வேண்டுபவர்கள் குரூஷிலிருந்து பொதுப் படகில் லோப்புட் தீவுக்குப் போய் ஷூன் கடற்கரையில் இறங்கலாம். சுற்றுலாப் படகுகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

மொஸ்தார் பேருந்து எங்களை விட்டுச் சென்ற அன்று நாங்கள் போனது லோப்புட் தீவுக்குத்தான். அந்தப் பொதுப் படகின் நேரப் பட்டியல் குரூஷ் துறைச் சீட்டுக் கூண்டின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஞாயிறு நேரமும் வாரநாள் நேரமும் வேறு வேறு என்பதால், முதல் நாளே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.